குழாயில் வளர்ந்த கட்டைவிரல் நகம்

ஆடி மாதம் முதல் தேதி செவ்வாய்க்கிழமை காலையில், நொச்சிப்பேட்டை வடக்குமேட்டுத் தெரு இசக்கியம்மாளின் பத்து விரல்களிலும் நகம் இல்லாமல் போயிற்று. இரத்தம் வரவில்லை, வலியும் இல்லை; நகம் இருந்த இடங்கள் பத்தும் தோலுரித்த வேர்க்கடலை போல வழவழவென்று இருந்தன. அவள் பாயை உதறினாள், தலையணை உறையைத் திருப்பினாள், கொண்டையை அவிழ்த்துப் பார்த்தாள், பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய்த் தன் நகங்களை யாராவது பார்த்தீர்களா என்று கேட்டாள். எங்கள் தெருவில் அறுபத்து நான்கு வீடுகள். தோட்டின் திருகாணி தொலைந்தால் எப்படிக் குனிந்து தேடுவோமோ அப்படியே எல்லாரும் குனிந்து தேடினோம், எட்டு மணிக்குள் ஒன்பது கிடைத்துவிட்டன.

எதுவும் கீழே கிடக்கவில்லை. எல்லாம் முளைத்திருந்தன. வலது கை ஆள்காட்டி விரல் நகம் தபால் பெட்டியின் வாயிலும், நடுவிரல் நகம் பள்ளிக்கூட மணியின் விளிம்பிலும், மோதிர விரல் நகம் டீக்கடை சங்கரபாண்டியின் பாய்லர் மூடியிலும், சுண்டுவிரல் நகம் முச்சந்திப் பிள்ளையாரின் தும்பிக்கை நுனியிலும் முளைத்திருக்க, இடது கை நகக்காரர்கள் ஐந்து பேரும் சவரக்கடை நாற்காலியின் கைப்பிடி, தெருமுனையில் நிற்கும் ஏழாம் நம்பர் டவுன் பஸ்ஸின் ஹாரன், ரேஷன் கடைத் தராசுத் தட்டு, தையல் மெஷினின் சக்கரம், ஒரு டீச்சர் வீட்டு அழைப்பு மணியின் சுவிட்ச் என்று ஆளுக்கொரு இடம் பார்த்துக் குடியேறியிருந்தார்கள். பத்தாவது, வலது கட்டைவிரல் நகம், பதினொன்றே முக்காலுக்குத் தண்ணீர் வரும் நேரத்தில்தான் அகப்பட்டது. அது தெருக்குழாயின் வாயில், மேல் உதட்டில் இருந்தது.

அதைக் கண்டுபிடித்தவள் முப்புடாதி. குழாய்க்கு எதிர் வீட்டுக்காரி, வயது ஐம்பத்தாறு. பத்தொன்பது வருடமாக அந்தக் குழாயில் யார் முதல், யார் அடுத்து, யாருக்கு எத்தனை குடம் என்பதெல்லாம் அவள் சொல்வதுதான். யாரும் அவளை நியமிக்கவில்லை, யாரும் எதிர்த்ததும் இல்லை. அவள் குழாயைத் திருகப் போய்க் கையை எடுத்துக்கொண்டு, “ஏளா இசக்கி, ஒன் நகம் இங்கன கெடக்கு. தண்ணி பிடிக்கவா வேண்டாமா?” என்று கேட்டாள்.

இசக்கிக்கு நாற்பத்து மூன்று வயது. ராஜகனி அண்ணாச்சியின் காய்கறி ஏலக்கடையில் இருபத்தோரு வருடமாகக் காய் பார்க்கிற வேலை. மூட்டைக்கு ஒரு சுரைக்காயை உருவி, காம்புக்குக் கீழே மூன்று விரற்கடை தள்ளி, வலது கட்டைவிரல் நகத்தை ஒரே ஒரு தடவை வைப்பாள். நகம் இறங்கினால் இளசு, இறங்காவிட்டால் முற்றல். எல்லாரும் நகம் வைத்தால் காய் மத்தியானத்துக்குள் கறுத்துப் போகும் என்பதால் அந்தக் கடையில் வேறு யாரும் காயைக் கிள்ளக் கூடாது. அவள் சொல்லிவிட்டால் காய் விளைவித்து விற்க வந்த சம்சாரியும் பேசமாட்டான், வாங்க வந்த வியாபாரியும் பேசமாட்டான்.

காய்ப்பால் பட்டுப் பட்டு அவள் நகங்கள் கறுத்திருந்தன. ஆனி மாதத்தில் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அத்தை என்ற முறையில் தட்டுத் தூக்கி முன்னால் நிற்க வேண்டியிருந்ததால், டவுனில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் ஜெஸிந்தாவிடம் போய்ப் பத்து விரலுக்கும் அக்ரிலிக் நகம் ஒட்டிக்கொண்டாள். கழற்ற வேண்டுமென்றால் வா, மருந்தில் நாற்பது நிமிடம் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும், நீயாகப் பிடுங்காதே என்று ஜெஸிந்தா இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள். கல்யாணம் நன்றாக நடந்தது. ஐந்தாம் நாள் அவள் அந்த நகத்தோடேயே ஏலக்கடைக்குப் போனாள். ஒட்டு நகம் தடிப்பு. அது எந்தக் காயிலும் இறங்கவில்லை. பனையங்குளத்துக் கோவில்பிள்ளை கொண்டுவந்த நாற்பத்திரண்டு மூட்டைச் சுரைக்காயையும் அவள் முற்றல் என்று தள்ளிவிட, அவர் மூட்டைகளை அவிழ்த்து ஆட்டுக்குக் கொட்டினார். ஆடுகள் விதையோடு தின்றன. விதை அவ்வளவு இளசு. இசக்கி அதை நின்று பார்த்தாள். பிறகு லாரி ஷெட்டுக்குப் பின்னால் போய், லேமினேட் செய்த பஸ் பாஸின் ஓரத்தைக் கொடுத்து, ஒட்டு நகம் பத்தையும் நெம்பிப் பிடுங்கினாள். ஒவ்வொன்றும் அவளுடைய சொந்த நகத்தில் பாதியைப் பிய்த்துக்கொண்டு வந்தது. மறுநாள்தான் ஆடி முதல் தேதி.

ஆகவே, குழாயிலும் பிள்ளையாரிலும் முளைத்திருந்த நகங்கள் வெங்காயச் சருகு போல மெலிந்து, வெள்ளைத் திட்டு விழுந்து, ஓரம் ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தன. ஜெஸிந்தாவை வரவழைத்தோம். அவள் பத்து இடத்துக்கும் நடந்துபோய், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து, விரலில் இருந்தால் என்ன வைத்தியமோ அதுதான் இதற்கும் என்றாள். காலையும் மாலையும் அடிப்பக்கத்தில் எண்ணெய் தடவித் தேய்க்க வேண்டும். தண்ணீர் படக் கூடாது. சூடு ஆகாது, அடி படக் கூடாது, அதைக் கொண்டு எதையும் நெம்பவோ சுரண்டவோ கூடாது. பிசிறு நீட்டிக்கொண்டு வந்தால் வெட்டிவிட வேண்டும், அராவக் கூடாது. சாயம் பூசி மறைக்கக் கூடாது. மெலிந்த நகம் தடிக்காது, அடியிலிருந்து புதிது வளர்ந்து பழையதைத் தள்ளிக்கொண்டு போனால்தான் உண்டு என்றும், மாதத்துக்கு ஒரு எள் நீளம்தான் நகம் வளரும் என்றும் சொன்னாள். நடுவிரலுக்கு நான்கு மாதம், சுண்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் ஆறு மாதம் ஆகலாம்.

இசக்கி ஏலக்கடைக்குப் போய் விரல்களைக் காட்டினாள். ராஜகனி அண்ணாச்சி பத்தையும் பார்த்துவிட்டு, தை மாதம் மூன்றாம் தேதி, பொங்கல் விடுமுறை கழிந்து ஏலம் திறக்கும் நாள்வரை அவள் இடத்தை வைத்திருப்பதாகவும், அன்றைக்குக் கட்டைவிரல் நகத்தோடு வரவில்லை என்றால் அந்த இடம் தன் மைத்துனன் சுடலைமுத்துவுக்கு என்றும் சொன்னார். சுடலைமுத்து நகத்துக்குப் பதில் ஒரு எஃகு ஊசி வைத்திருந்தான். அதுவரை அவன்தான் காய் பார்ப்பான். ஊசி எந்தக் காயிலும் இறங்கும் என்று இசக்கி சொன்னாள். அண்ணாச்சி, “இறங்காத நகத்துக்கு இறங்குத ஊசி பரவால்ல, இசக்கி” என்றார். 

தெரு உடனே வேலையை எடுத்துக்கொண்டது. ஒரு நாளைக்கு இரண்டு வீடு என்று எண்ணெய் முறை போட்டார்கள். முப்பத்திரண்டு நாளில் முறை ஒரு சுற்று வந்தது. கடிதம் போட வேண்டியவர்கள் தபால்காரர் வரும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்க முடியாததால் ப்யூன் ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் போய் மணி அடித்துவிட்டது என்று சொன்னார், கடைசி வகுப்புக்கு அவர் போய்ச் சேரப் பதினோரு நிமிடம் ஆயிற்று, அதனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் அந்த நான்கு மாதமும் பதினோரு நிமிடம் அதிகமாகப் படித்தார்கள். சங்கரபாண்டி பாய்லரை அணைத்துவிட்டுப் பானையில் டீ போட்டார். ஏழாம் நம்பர் பஸ் ஹாரன் அடிக்காமல், கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, “கொஞ்சம் விலகுங்க, வண்டி வருது” என்று சொல்லச் சொல்லப் போனது. இவ்வளவு மரியாதையான பஸ்ஸைப் பார்த்ததில்லை என்று வழியிலிருந்த ஊர்களில் பேசிக்கொண்டார்கள். பிள்ளையாருக்குப் பாலும் தண்ணீரும் நிறுத்தி எண்ணெய்க் காப்பு மட்டும் நடந்தது. அர்ச்சகர், பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை, சொல்கிறவராக இருந்தால் இதற்கு முன்பே எவ்வளவோ சொல்லியிருப்பார் என்றார்.

குழாய்தான் கஷ்டம். அதன் வாயைத் துணியால் சுற்றி, மேலே பாலித்தீன் கட்டி, திருகைக் கம்பி போட்டு இறுக்கிவிட்டார்கள். அறுபத்து நான்கு வீட்டுக்காரர்களும் இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு நடந்து கீழமேட்டுத் தெருக் குழாய்க்குப் போனார்கள். அங்கே அறுபத்தேழு வீடு முடிந்த பிறகுதான் இவர்கள் முறை. கீழமேட்டுக்காரர்கள் குடத்தை வைத்துக்கொண்டு, உங்கள் தெரு விளக்குக் கம்பத்துக்கு மீசை முளைத்ததாமே, சவரத்துக்கு ஆள் விட்டாச்சா என்று கேட்பார்கள். முப்புடாதிக்கு அந்த வரிசையில் எழுபதாவதாக நிற்க வேண்டிவந்ததே பெரிய அடி. பத்தொன்பது வருடம் அவள் வரிசையில் நின்றதில்லை, வரிசைதான் அவள் முன்னால் நின்றது. காலிக் குடத்தோடு திரும்பும்போதெல்லாம் இசக்கி வீட்டு வாசலில் நின்று, ஊரில் எவ்வளவோ பேர் கல்யாணத்துக்குப் போகிறார்கள், மருதாணி வைத்தால் போதாதா, ஒருத்தி அழகுக்கு ஒரு தெரு நாக்கு வறள வேண்டுமா என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். இசக்கி கதவுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்பாள். ஆனால் எண்ணெய் முறையில் குழாய்ப் பக்கம் மட்டும் முப்புடாதி யாரையும் விடவில்லை. நீ அமுக்கித் தேய்க்கிறாய், நீ வழித்துவிடுகிறாய் என்று குற்றம் சொல்லி, ஆவணி பிறப்பதற்குள் அந்த ஒரு நகத்தைத் தன் பொறுப்பிலேயே எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு எள்ளைப் பக்கத்தில் வைத்து அளப்பாள்.

நகம் இல்லாமல் வாழ்வது எப்படி என்பது இசக்கிக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. பூண்டு உரிக்க முடியாது. முடிச்சு அவிழ்க்க முடியாது. தரையில் விழுந்த ஊசியை எடுக்க முடியாது, அரித்தால் சொறிய முடியாது, சுவரில்தான் தேய்த்துக்கொள்ள வேண்டும். பஞ்சுறை மாட்டிய விரல்களோடு அவள் ஒவ்வொரு நாளும் ஏலக்கடைக்குப் போய், தன் இடத்துக்கு இரண்டு அடி தள்ளி நின்று, சுடலைமுத்து ஊசி குத்துவதைப் பார்த்துவிட்டு வருவாள். அவன் எல்லாக் காயையும் இளசு என்றான். குத்திய காய்கள் சாயங்காலத்துக்குள் கறுத்தன. சமையல்காரர்கள் முற்றல் காயைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள். அண்ணாச்சி தேதியைப் பின்னால் தள்ளவும் இல்லை, முன்னால் இழுக்கவும் இல்லை. தை மூன்று என்றால் தை மூன்று.

ஐப்பசியில் மழை பிடித்தது. குழாய்க்குக் குடை கட்டினார்கள், மழை படவில்லை. ஆனால் பத்தாம் தேதி குழாய் உள்ளேயிருந்து ஒழுக ஆரம்பித்தது. நூறு எண்ணுவதற்குள் நான்கு சொட்டு. கட்டிய துணி ஊறி, நகத்தின் ஓரம் மறுபடி வெளுத்தது. குழாய் பிட்டரைக் கூப்பிட்டுக் காட்டியதற்கு, ஒழுக்கு நிற்க வேண்டுமானால் மெயின் வால்வை அடைக்க வேண்டும், அடைத்தால் இரண்டு தெருவுக்கும் சேர்த்து நூற்று முப்பத்தொரு வீட்டுக்குத் தண்ணீர் போய்விடும் என்றார். கீழமேட்டுக்காரர்கள் அதற்குச் சம்மதிக்கவில்லை. நியாயம்தான், இதுவரை சம்மதித்ததே அதிகம்.

முப்புடாதி துணியையும் பாலித்தீனையும் அவிழ்த்தாள். தன் காலிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். பழைய வேட்டித் துணி ஒன்றை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, சொட்டு குழாயின் உதட்டுக்கு வந்து கனத்து நகத்தைத் தொடப்போகும் நேரத்தில் ஒற்றி எடுத்தாள். அடுத்த சொட்டுக்குக் காத்திருந்து அதையும் ஒற்றி எடுத்தாள். அவள் எழுந்துபோகும் வேளைகளில் அவள் மருமகளும் எண்ணெய் முறைக்காரர்களும் உட்கார்ந்தாலும், அவர்கள் ஒற்றுவது அவளுக்குப் பிடிக்காமல் பாதியில் எழுந்துவந்து வாங்கிக்கொள்வாள். இசக்கி தானும் உட்காருகிறேன் என்று வந்தபோது, “நகமில்லாத கையால நகத்தத் தொடாத, நீ பிடுங்குனது அதுக்கு ஞாபகம் வந்துரும்” என்று விரட்டிவிட்டாள். அப்படி எண்பத்தோரு நாள்.

கார்த்திகை நான்காம் தேதி காலையில் பள்ளிக்கூட மணியில் நகத்தைக் காணோம். இசக்கியின் வலது நடுவிரலில் அது இருந்தது, கெட்டியாக, இளஞ்சிவப்பாக, ஒரு கோடு இல்லாமல். அன்றைக்கு மணி அடித்தார்கள், ஐந்தாம் வகுப்பு கைதட்டியது. பிறகு தபால் பெட்டி, தராசு, பாய்லர் என்று நான்கு நாளைக்கு ஒன்று, வாரத்துக்கு ஒன்றாக வந்து சேர்ந்தன. பஸ் ஹாரன் திரும்பக் கிடைத்தும் கண்டக்டருக்குப் பழக்கம் விடாமல், ஹாரன் அடித்துவிட்டு அதற்கு மன்னிப்பும் கேட்டார். பிள்ளையார் மார்கழி இருபத்தாறாம் தேதி விட்டுக்கொடுத்தார். ஒன்பது ஆயிற்று.

குழாயில் இருந்தது வரவில்லை. ஆறு எள் நீளம் முழுதாக வளர்ந்து, மற்ற ஒன்பதையும்விடத் தடிப்பாக, வெயிலில் மினுங்கிக்கொண்டு அங்கேயே இருந்தது. பொங்கலன்று அறுபத்து நான்கு வீட்டுக்காரர்களும் பானையை இறக்கிவைத்துவிட்டு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இசக்கி தன் வலது கட்டைவிரலைப் பஞ்சுறைக்குள்ளேயே வைத்திருந்தாள். சுடலைமுத்து புது ஊசி ஒன்று வாங்கியிருப்பதாகச் சேதி வந்தது.

தை இரண்டாம் தேதி காலையில் குழாய் வெறுமையாக இருந்தது. எல்லாரும் இசக்கி வீட்டுக்கு ஓடினோம். அவள் உறையைக் கழற்றிக் காட்டினாள். ஒன்றுமில்லை. அப்போது முப்புடாதி வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தெருவைக் குறுக்கே கடந்து வந்தாள். அவள் அப்படி மெதுவாக நடந்து யாரும் பார்த்ததில்லை. கையை எடுத்து நீட்டினாள். அவளுடைய கட்டைவிரலில், அவளுடைய சொந்த நகத்துக்கு மேலே, டப்பாவுக்கு மூடி போட்டது போல, இசக்கியின் நகம் இருந்தது.

“நான் எடுக்கலளா” என்றாள். “அதுவா வந்துட்டு.”

 ஜெஸிந்தாவுக்குப் போன் போட்டார்கள். நாற்பது நிமிடம் ஊறவைத்தால் கழற்றிவிடலாம், ஆனால் மருந்து பட்டால் அது மறுபடி மெலியும், மறுபடி ஆறு மாதம் என்றாள். டீக்கடைக்காரர், நாளைக்கு மூன்றாம் தேதி என்று சொன்னார். அது எல்லாருக்கும் தெரியும்.

முப்புடாதி கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். “பிடுங்கிக்கோ. வலிச்சா வலிக்கட்டும். ஒன் பொருளு.”

இசக்கி அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆறு மாதத்தில் அந்த நகத்தை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததில்லை, பார்க்க விடவில்லை. வெள்ளைத் திட்டு ஒன்றுகூட இல்லை. ஓரம் சீராக இருந்தது. இவ்வளவு நல்ல நகம் தன் விரலில் இருந்தபோதே இருந்ததில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. 

“ஒருக்கா பிடுங்குனது போதும், மைனி” என்றாள். “காலைல ஆறு மணி பஸ். நேரத்தோட கெளம்பிருங்க.”

“நான் எதுக்கு? எனக்குச் சொரக்காயே ஆவாது” என்றாள் முப்புடாதி.

“திங்கவா கூப்பிட்டேன்?”

மறுநாள் ஏலக்கடைக்கு வந்த சுரைக்காய் முப்பத்தெட்டு மூட்டை. ராஜகனி அண்ணாச்சி இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். நகம் ஒருத்தியிடமும் காய் பார்க்கிற பழக்கம் இன்னொருத்தியிடமும் இருப்பதை அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை, ஆனால் இசக்கி கட்டைவிரல் நகத்தோடு வர வேண்டும் என்று ஆடியில் பேசியதை நினைவுபடுத்தினார். கடைசியில், முதல் பன்னிரண்டு மூட்டைக்குச் சுடலைமுத்துவும் இவர்களும் தனித்தனியே சொல்லட்டும், அறுத்துப் பார்ப்போம் என்றார்.

முப்புடாதி முதல் காயில், இசக்கி தொட்டுக் காட்டிய இடத்தில், நகத்தை வைத்தாள். நகம் இறங்கியது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“எப்படி இருக்கு?” என்று இசக்கி கேட்டாள்.

“சொரக்கா மாதிரி இருக்கு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுடலைமுத்து குத்திப் பார்த்து இளசு என்றான். இசக்கியின் வெறும் கட்டைவிரல் பஞ்சுறைக்குள் துடித்தது, ஆனால் அதில் எந்தச் சேதியும் வந்து சேரவில்லை. இருபத்தோரு வருடம் ஒரு விரலில் இருந்தது இப்போது வேறு ஒருத்தியின் கையில், வாய் இல்லாமல் இருந்தது. அவள் குனிந்து முப்புடாதியின் காதோரம் சொன்னாள்: “மைனி, ஒங்களுக்குக் கொழாயைப் பத்திதான தெரியும். அத வச்சே சொல்லுங்க.”

முப்புடாதி கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை அதே பள்ளத்தில் நகத்தை வைத்தாள். “தண்ணி வாரதுக்கு முந்தி காத்து வரும்லா” என்றாள். “புஸ்ஸுன்னு. அப்படி விட்டுக் குடுக்கு.”

“இளசு” என்றாள் இசக்கி.

அறுத்தார்கள். இளசுதான். இரண்டாவது காய், தண்ணீர் நின்ற பிறகும் திருகைத் திருகினால் கை வலிக்குமே அப்படி இருப்பதாக முப்புடாதி சொல்ல, இசக்கி முற்றல் என்றாள். சுடலைமுத்து இளசு என்றான். அறுத்தபோது விதை பல்லுப் பல்லாக இருந்தது. மூன்றாவது காய், அடிக்கலங்கல் வந்து துணி கட்டிப் பிடிக்கிற மாதிரி இருந்தது. அது பாதி முற்றல், சாம்பாருக்கு ஆகும், கூட்டுக்கு ஆகாது. பன்னிரண்டில் பன்னிரண்டு சரியாக இருந்தன. ஊசிக்கு ஏழு. சுடலைமுத்து ஊசியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான். அண்ணாச்சி உள்ளேயிருந்து இன்னொரு முக்காலியை எடுத்துவரச் சொன்னார்.

மத்தியானம்வரை இருவரும் சண்டை போட்டுக்கொண்டே காய் பார்த்தார்கள். இசக்கி அவசரப்படுத்துகிறாள் என்று முப்புடாதி சொன்னாள், நீங்கள் காயைக் குழாய் திருகுவது போலத் திருகுகிறீர்கள் என்று இசக்கி சொன்னாள். வியாபாரிகள் வரிசை தப்பி முன்னால் வந்தபோது, முப்புடாதி தலையை நிமிர்த்தாமலே அவர்களை வந்த முறைப்படி நிறுத்தினாள். அவர்களும் நின்றார்கள்.

முப்பத்தெட்டாவது மூட்டைக் காயில் நகத்தை வைத்ததும் அவள் தானாகவே, “இளசு” என்றாள்.

“அத ஒங்ககிட்ட கேக்கல, மைனி. எப்படி இருக்குன்னு கேட்டேன்.”

முப்புடாதி அதே பள்ளத்தில் நகத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். “வரிசைல கடைசியா நிக்கவ கொடமும் நெறஞ்சிட்ட மாதிரி இருக்கு” என்றாள்.

இசக்கி அந்தக் காயை அவள் கையிலிருந்து வாங்கி, இளசுப் பக்கம் வைத்தாள்.